கரண்ட் பட்ட இடம்

ஜெமீலாவின் மையித்தைத் தொட ஒருவரும் வரவில்லை.

சுபஹு பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் உயிர் போயிருந்தது. இப்போது மணி பதினொன்று. நிந்தவூரில் ஒரு பெண் மௌத்தானால், குளிப்பாட்டுவதற்கு நாலு பேர் சொல்லாமலே வந்து நிற்பார்கள்.

இன்றைக்கும் வந்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். மூக்கைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு.

"மகரகமையில அஞ்சு கிழமை கரண்ட் பிடிச்ச உடம்பு" என்றாள் ஒருத்தி. "தொட்டா நமக்கும் ஏறும்."

"ஏறினா நல்லந்தானேகா. ராவைக்கு விளக்கு வேணாம்."

எல்லாரும் திரும்பினார்கள்.

ஹாஜறா.

நாற்பத்தைந்து வயது. புருஷன் இல்லை. பத்து வருடமாக ஊரின் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளும் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இடது மார்பில் கட்டி. அவளுக்கும் அதே கரண்ட், கதிர் வைத்தியம். பிழைத்து வந்தாள். வந்த பிறகு ஆறு மாதம் அவள் கையால் வெற்றிலை வாங்க ஆளில்லை.

கச்சான் காற்று மண்ணை வாரி அடித்தது. 1982, ஆகஸ்ட்.

அவளைக் கூட்டி வந்தவர் பின்னால் சைக்கிளைச் சாத்தினார். அபூசாலி. ஜெமீலாவின் ஒரே காக்கா, கூடப் பிறந்த அண்ணன். கடைத்தெருவில் டிஸ்பென்சரி வைத்திருக்கிறவர். டொக்டர் இல்லை, ஒரு டொக்டருக்கு இருபது வருடம் மருந்து கலக்கிக் கொடுத்தவர். ஊருக்கு அது போதும். 'டொக்டர் காக்கா' என்றே கூப்பிட்டார்கள்.

"உன்ன விட்டா ஆளில்ல ஹாஜறா" என்றார். "உனக்குக் கரண்ட் பழகின சாமான்."

"பழகினதுதான் காக்கா. நீங்களும் உள்ளுக்கு வாங்களன்."

அபூசாலி இரண்டடி பின்னால் போனார்.

"ஒரு மாசத்துக்கு மேல நான் அந்த அறை வாசலத் தாண்டல்ல. என்ட கூடப் பிறந்தவள்... என்ன செய்யிற?"

முற்றத்தில், மூடிய ஜன்னலுக்குக் கீழே, மணலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மர்சூக் போடியார். ஜெமீலாவின் புருஷன், வயல் செய்கிறவர். நாலு நாள் தாடி. கண்ணில் ஈரமில்லை.

"நான் குளிப்பாட்டுறன்" என்றார், தலையை நிமிர்த்தாமல். "மார்க்கத்தில புருஷனுக்கு இடம் இருக்கு. ஒருத்தரும் வேணாம்."

"உனக்கென்ன பைத்தியமா மச்சான்?" அபூசாலி அதட்டினார்.

"அப்ப பகல் ளுஹரோட அடக்குவம். அவள வெச்சுக்கொண்டிருக்க ஏலா."

"அஸருக்குப் பொறகுதான். சம்மாந்துறைச் சனம் வர வேணும்."

ஹாஜறா போடியாரை ஒரு கணம் பார்த்தாள்.

பெண்சாதி மௌத்தாகி ஆறு மணித்தியாலம். தானே குளிப்பாட்ட வேண்டும். வேறு கண் படக் கூடாது. கெதியாய் மண்ணுக்குள் போட வேண்டும்.

என்ன அவசரம் போடியாரே..?

கேட்கவில்லை. கதவைத் தள்ளினாள்.

அறைக்குள் சாம்பிராணி. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு நாற்றம். ஆறு கிழமை பகல் வெளிச்சம் பார்க்காத அறை. கட்டிலில் வெள்ளைத் துணி மூடிய உருவம். கதவடியில் கழுவாத பீங்கான் ஒன்று. தலைமாட்டில் ஒரு மருந்துப் போத்தல்.

பக்கத்து வீட்டு நதீரா தண்ணீர் வாளியை வாசற்படியில் 'டக்'கென்று வைத்துவிட்டுப் பாய்ந்து விலகினாள்.

"உள்ளுக்கு வாறல்லயா புள்ள?"

"எனக்குக் கைக்குழந்தை இருக்கு ராத்தா."

"இத்தின நாளும் நீதானே பாத்த?"

"பாக்கிறதா? மருந்து, சோறு, தண்ணி எல்லாம் கதவடியில வெச்சிட்டு ஓடிருவன். சோறாக்கின போடியார்தான். வேற ஒருத்தர்ர கைச் சமையலும் அவக்குப் பிடிக்கல்ல."

"அவர் உள்ளுக்குப் போறதா?"

"இல்ல. மஃரிபுக்குப் பொறகு ஜன்னலத் திறந்து அதடியில இருந்து கதைப்பார். இவ முக்காட்ட இறுக்கிக்கொண்டு கட்டில்ல இருந்தபடி கதைப்பா. காலடி நெருப்பா எரியுது எண்டு ஒரு மாசமா அழுதா ராத்தா. விரிப்புப் படக் கூட விடல்ல. கரண்ட் கால் வழியா இறங்குது எண்டாங்க."



காலடியா?

ஹாஜறாவுக்கும் கரண்டில் நெஞ்சு தீய்ந்தது உண்மை. தொண்டை வறண்டது உண்மை. காலடி எரியவில்லை.

கதவைச் சாத்தினாள். பிஸ்மி சொன்னாள். மறைப்புத் துணிக்கு அடியால் கையை விட்டு, வலது பக்கத்தில் இருந்து தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.

இடது மார்பில் அந்த அடையாளம் இருந்தது. ஒரு சதுரம். அடிமட்டம் வைத்துக் கீறி, உள்ளே மட்டும் வெயிலில் வாட்டினது போல் கறுத்த தோல். கோட்டுக்கு இந்தப் பக்கம் கறுப்பு. அந்தப் பக்கம், ஒரு மயிரிழை தள்ளி, பழைய நிறம்.

ஹாஜறாவின் சட்டைக்குள்ளும் அதே சதுரம்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஊதா மையால் நெஞ்சில் கோடு போட்டது. 'கோடு அழியக் கூடாது, சவர்க்காரம் போடக் கூடாது' என்றது. பெரிய இரும்புத் தலை ஒன்று மேலே வந்து நின்றது. எல்லாரும் வெளியே போய், தடித்த கதவைச் சாத்தியது. ஒரு 'கிர்ர்' சத்தம். இரண்டு நிமிடம். வலி இல்லை. சூடும் இல்லை. இருபத்தைந்து நாள் அப்படி.

தோல் ஆறியிருந்தது. உரிந்து, புதுத் தோல் வந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள். கட்டி இருந்த இடம் தட்டையாய் இருந்தது.

கரண்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது.

பிறகு இவள் ஏன் மௌத்தானாள்?

நகங்களைக் கழுவினாள். பத்து விரலிலும், நகத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

கடைசியாகத் தலைக்கு வந்தாள். பெண் மையித்தென்றால் முடியை அவிழ்த்துக் கழுவி, மூன்று பின்னலாகப் பின்னிப் பின்னால் விட வேண்டும். ஜெமீலாவின் முடி ஊரறிந்த முடி. கலியாணத்தன்று அதைச் சீவி முடிக்க இரண்டு பேர் நின்றார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி ஹாஜறா.

தாடைக்குக் கீழே முக்காடு இறுக்கி முடிந்திருந்தது. அவிழ்த்தாள். துணியை இழுத்தாள்.

துணி வந்தது.

முடியும் வந்தது.

கொத்துக் கொத்தாய்... வேரோடு... துணியோடு ஒட்டிக்கொண்டு.

உள்ளே மொட்டைத் தலை. காதோரத்தில் நாலைந்து இழைகள் மட்டும்.

ஹாஜறா தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள்.

மகரகமையில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெட்டை இருந்தாள். மூளையில் கட்டி. தலையில் கரண்ட் பிடித்தார்கள். வலது காதுக்கு மேலே ஒரு சதுரத்தில் மட்டும் முடி கொட்டியது. மிச்சத் தலையில் தடித்த பின்னல். ஹாஜறாதான் தினமும் பின்னி விட்டாள். தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். கரண்ட் வெயில் மாதிரி. பட்ட இடத்தில்தான் கறுக்கும். பட்ட இடத்தில்தான் கொட்டும். வெயிலில் நின்றவரைத் தொட்டால் உங்களுக்குச் சுடுமா?

நெஞ்சில் பிடித்தால் நெஞ்சுதான்.

ஹாஜறாவின் தலையில் ஒரு முடி குறையவில்லை.

அப்படியென்றால் ஜெமீலாவின் முடியைக் கொட்ட வைத்தது எது?

அஸர் மூன்றரைக்கு. அதற்குப் பிறகு மண். மண்ணுக்குக் கீழே போனால் எல்லாம் முடிந்தது. நாளைக்கே ஊர் 'கரண்ட் கொன்றது' என்று சொல்லும். அடுத்த முறை எவளுக்காவது மார்பில் கட்டி வந்தால், மகரகமைக்குப் போக மாட்டாள். வீட்டிலேயே கிடந்து சாவாள்.

ஆனால் மையித்தில் கண்டதை வெளியில் சொல்லக் கூடாது. குளிப்பாட்டுகிறவளுக்கு அது நம்பி ஒப்படைத்த அமானிதம். பத்து வருடத்தில் எத்தனை உடம்பில் எத்தனை கதை பார்த்திருப்பாள். ஒன்றையும் வாய் விட்டதில்லை. அதனால்தான் ஊர் அவளைக் கூப்பிட்டது.

ஜெமீலாவின் காதருகில் குனிந்தாள்.

"மறைக்கச் சொன்னது உன்ட குறைய ஜெமீலா" என்றாள் மெதுவாக. "உன்னக் கொன்றவன்ட குறைய இல்ல."

உதிர்ந்த முடியையெல்லாம் பொறுக்கினாள். மையித்தின் முடி மையித்தோடு கபன் துணிக்குள் போக வேண்டும். போட்டாள்.

ஒரு கொத்தைத் தவிர.

அதைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். வெள்ளைத் துணியால் தலையை மூன்று சுற்று சுற்றினாள். முகம் மட்டும் வெளியே. கதவைத் திறந்தாள்.

"முகத்தப் பாக்கிறவங்க வாசல்ல நிண்டு பாருங்க. துணியில ஒருத்தரும் கை வைக்கப்படா."

"நீ சொல்லாட்டியும் வைக்க மாட்டம்" என்றது வேலி.

வேலிப் படலையடியில் அபூசாலி நின்றார்.

"முடிஞ்சா ஹாஜறா? வித்தியாசமா ஒண்டும்... இல்லதானே?"

"கபன் துணிக்கு ஒரு முழம் குறையுது காக்கா. கல்முனைக்குப் போயிட்டு வாறன்."

"போ, போ. அஸருக்குள்ள வந்திரு."

பஸ் ஏறினாள்.

* * *

கல்முனைப் பொலிஸ். மணி ஒன்றேமுக்கால்.

சப்-இன்ஸ்பெக்டர் பாக்கியராசா பாண்டிருப்புக்காரர். சோற்றுப் பார்சலை அப்போதுதான் பிரித்திருந்தார். மேசையில் ஹாஜறா வைத்ததைப் பார்த்துவிட்டு, பார்சலை மெதுவாக மூடினார்.

"ராத்தா... சாப்பாட்டு மேசையில முடி வைக்கிற வழக்கம் உங்கட பக்கம் இருக்கா?"

"இது மௌத்தானவட முடி சேர்."

பாக்கியராசா பார்சலை மேசை லாச்சிக்குள்ளேயே வைத்தார்.

அவள் சொன்னாள். சதுரம். நகத்தில் கோடு. காலடி எரிவு. மொட்டைத் தலை. எல்லாம்.

"கான்சர்க்காரிக்கு முடி கொட்டுறது ஊர் உலகத்தில நடக்கிறதுதானே?"

"மருந்து ஏத்தினா கொட்டுமாம். இவக்கு மருந்து ஏத்தல்ல. எனக்கும் ஏத்தல்ல. ரெண்டு பேருக்கும் கரண்ட் மட்டும். அதுவும் நெஞ்சில." தன் முக்காட்டுக்கு வெளியே ஒரு முழப் பின்னலை இழுத்துக் காட்டினாள். "என்ட தலையப் பாருங்க. பொம்புள தலையக் காட்டுறது லேசான விஷயமில்ல. காட்டுறன்."

அவர் பின்னலைப் பார்த்தார். மேசையில் கிடந்த கொத்தைப் பார்த்தார்.

"கரண்ட் உடம்பு முழுக்க ஓடாதா?"

"ஓடாது சேர். டோர்ச் அடிச்சா வெளிச்சம் எங்க விழும்? அடிச்ச இடத்தில. டோர்ச்ச நூத்தா வெளிச்சம் சுவர்ல ஒட்டிக்கொண்டு இருக்குமா?"

"இருக்காது."

"அதுதான் கரண்ட். மெசின நூத்தா முடிஞ்சு. ஊருக்கு இது தெரியா. ஆரோ ஒராள் இத வெச்சு அவளக் கொன்டிருக்கான். பயந்து ஒருத்தரும் கிட்டப் போகல்ல. வாந்தி எடுத்தா கரண்ட். முடி கொட்டினா கரண்ட். மௌத்தானா கரண்ட்."

"ஆர்ல சந்தேகம்?"

ஹாஜறா தயங்கினாள்.

"சோறாக்கினது புருஷன். தானே குளிப்பாட்டக் கேட்டதும் புருஷன். ளுஹரோட அடக்கக் கேட்டதும்..."

"இந்த முடிக் கதை வேற ஆருக்குத் தெரியும்?"

"எனக்கும் அல்லாஹ்வுக்கும். இப்ப உங்களுக்கு."

"நல்ல கூட்டம்." பாக்கியராசா தொப்பியை எடுத்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிளையும் கூப்பிட்டார். "ஜீப் அம்பாறைக்குப் போயிட்டு. வாங்க, பஸ்ல போவம்."

கல்முனையில் ஏறிய பஸ், காரைதீவில் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள்.

"டிரைவர், என்ன இது? என்ட வீடு போகுது பின்னால!"

"வீடு ஓடாது அண்ணே" என்றார் பாக்கியராசா, டிரைவரின் தோளில் கை வைத்தபடி. "திரும்பி வரக்குள்ள அங்கதான் நிற்கும்."

* * *

மையித்தை வைத்த சந்தூக்குப் பெட்டி படலைக்கு வந்துவிட்டது.

பள்ளிவாசல் மரைக்கார் மீராசாஹிபு முன்னால் நின்றார். அதைத் தோளில் தூக்க நாலு ஆண்கள் பயத்தோடு குனிந்திருந்தார்கள். கையில் துணி சுற்றிக்கொண்டு.

"வையுங்க கீழ" என்றார் பாக்கியராசா.

சந்தோஷமாக வைத்தார்கள்.

"என்ன சேர் இது? ஜனாஸாவத் தாமதிக்கப்படா" என்றார் மரைக்கார்.

"மன்னிக்க வேணும் மரைக்கார். டொக்டர் ஒராள் பாக்காம இது அடக்கப்படாது. மரணத்தில சந்தேகம் இருக்கு எண்டு எனக்குத் தகவல்."



மர்சூக் எழுந்தார். முகம் பேயறைந்தது போல் இருந்தது.

"அவள வெட்டப் போறீங்களா? நான் விட மாட்டன். அவள் பட்ட பாடு காணும்!"

"ஏன் விட மாட்டீங்க போடியார்?"

மர்சூக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாக்கியராசா, ஹாஜறா இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஹாஜறா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். தான் நினைத்தது சரிதான்.

அப்போது அபூசாலி முன்னால் வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சேர்... நான் வாயப் பொத்திக்கொண்டு இருந்தன். குடும்ப மானம் எண்டு. இனி ஏலா." கையை நீட்டி மர்சூக்கைக் காட்டினார். "என்ட தங்கச்சிய இவன்தான் கொன்ட. நஞ்சு வெச்சு."

"காக்கா..." என்றார் மர்சூக். அதற்கு மேல் குரல் வரவில்லை.

"நெல்லு வைக்கிற அறையப் பாருங்க சேர். எலிக்கு வைக்கிற பாஷாணம் ஒரு டின். பழைய சாமான். மணமும் இல்ல, ருசியும் இல்ல."

கான்ஸ்டபிள் போனான். இரண்டு நிமிடத்தில் வந்தான். கையில் துருப்பிடித்த டின்.

பெண்கள் பக்கம் ஒரு ஓலம் எழுந்தது.

"இதெப்படி உங்களுக்குத் தெரியும் டொக்டர்?"

"மருந்தோட முப்பது வருசம் சேர். என்ட தங்கச்சிக்குக் கரண்ட் பிடிச்சது நெஞ்சில. பிடிச்ச இடத்த விட்டு அது ஒரு அங்குலம் தள்ளி வேலை செய்யாது. நெஞ்சுக்குப் பிடிச்சா தலைமுடி கொட்டுமா? ஒரு முடி இல்லாம மொட்டையாப் போனாளே... அது இந்தப் பாஷாணம் செய்யிற வேலை!"

பாக்கியராசா மெல்லத் தலையாட்டினார். விலங்கை எடுத்தார். மர்சூக் பக்கம் நடந்தார்.

மர்சூக் விலங்கைப் பார்க்கவில்லை.

"முடியா?" என்றார். குழந்தை கேட்பது போலிருந்தது. "ஜெமீலாட முடியா? எப்ப? எனக்கிட்டச் சொல்லல்லயே அவள்... ராவுகளில முக்காட்டோட இருப்பாள். குளிருது எண்டாள். அடக்குறதுக்கு முந்தி ஒருக்கா அந்த முடியப் பாக்கலாம் எண்டுதானே நான்... குளிப்பாட்டக் கேட்ட..."

மணலில் அப்படியே சரிந்தார்.

ஹாஜறாவுக்குள் ஏதோ ஒன்று 'சுரீர்' என்றது.

ஆறு கிழமை அதே ஜன்னலடியில் இருந்தவருக்கு முடி கொட்டியது தெரியாது.

வாசலைத் தாண்டாதவருக்குத் தெரியும்.

"சேர், பொறுங்க" என்றாள்.

"என்ன ராத்தா?"

அவள் அபூசாலியின் முன்னால் போய் நின்றாள்.

"காக்கா. தங்கச்சி மொட்டையானத நீங்க எப்பயாம் கண்ட?"

"என்ன கேள்வி இது? எல்லாருக்கும் தெரிஞ்ச..."

"ஆருக்கு? நதீரா, உனக்குத் தெரியுமா?"

வேலிக்குப் பின்னால் இருந்து நதீராவின் குரல் வந்தது. "எனக்கு இப்பதான் தெரியும் ராத்தா!"

"மையித்துத் தலைய மூண்டு சுத்து சுத்தினது நான். ஒரு உசிருக்கும் சொல்லல்ல. குளிப்பாட்டுறவட வாய் பூட்டின வாய் எண்டு உங்களுக்குத் தெரியாதா? சேருக்குச் சொன்னன். சேர் சொன்னாரா?"

"நான் 'சந்தேகம்' எண்டு மட்டும்தான் சொன்னன்" என்றார் பாக்கியராசா. விலங்கு அவர் கையில் பாதி வழியில் நின்றது.

அபூசாலி சிரிக்கப் பார்த்தார். "ஜன்னலால கண்டிருப்பன்..."

"ஒரு மாசமா வாசல் தாண்டல்ல, கரண்டுக்குப் பயம் எண்டீங்க காலையில. சரி, விடுங்க. மரைக்கார்!"

"என்ன ஹாஜறா?"

"ஜெமீலாவத் தொட்டா கரண்ட் ஏறும் எண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?"

மரைக்கார் தாடியைத் தடவினார். "டொக்டர் காக்காதான். பள்ளியில வெச்சு."

"போடியாரே, உங்களுக்கு?"

"காக்கா..." என்றார் மர்சூக் மணலில் இருந்தபடி. "கிட்டப் போனா ரெண்டு பேருக்கும் ஆபத்து எண்டார். அவளுக்கும் அதத்தான் சொன்னார். அவள்தான் என்னப் போகச் சொல்லி அழுதாள்."

"நதீரா?"

"கைக்குழந்தை இருக்கு, உள்ளுக்குப் போகாத எண்டு காக்காதான்..."

ஹாஜறா திரும்பினாள்.

"பிடிச்ச இடத்த விட்டு ஒரு அங்குலம் தள்ளி வேலை செய்யாது. நீங்க இப்ப சொன்ன கதை. இவ்வளவு சரியாத் தெரிஞ்ச மனிசன், தொட்டா ஒட்டும் எண்டு ஊர் முழுக்க ஏன் சொன்னீங்க காக்கா?"



அபூசாலி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கல்முனைக்குத் துணி வாங்கப் போறன் எண்டன். நிந்தவூர்ல பத்துக் கடையில தொங்குற வெள்ளைத் துணி. ஏன் அவ்வளவு தூரம் எண்டு நீங்க கேட்கல்ல. போ, போ எண்டீங்க. அஸர் வரைக்கும் நேரமும் எடுத்துத் தந்தீங்க. ஊருக்குள்ள கரண்ட் பிடிச்ச பொம்புள நான் ஒருத்திதான். மொட்டைத் தலையக் கண்டா நான் பேசாம இருக்க மாட்டன் எண்டு தெரிஞ்சுதான் சைக்கிள்ல வந்து கூப்பிட்ட நீங்க. அவளப் புதைக்க இல்ல. போடியாரப் புதைக்க."

"எதுக்கு ராத்தா?" என்றார் பாக்கியராசா.

"மரைக்காரக் கேளுங்க. வீடும் பன்னிரண்டு ஏக்கர் வயலும் ஜெமீலாட பேர்ல. மௌத்தான உம்மா குடுத்த சீதனம். பிள்ளை இல்ல. அவள் மௌத்தானா ஆருக்கு?"

மரைக்கார் விரல் மடித்தார். "பாதி புருஷனுக்கு. பாதி காக்காவுக்கு."

"புருஷன் கொன்டவனா இருந்தா?"

"கொன்டவனுக்கு மார்க்கத்தில பங்கு இல்ல. முழுக்க..." மரைக்காரின் விரல் மடிந்தபடியே நின்றது. "முழுக்கக் காக்காவுக்கு."

"பொய்!" அபூசாலியின் குரல் கீச்சிட்டது. "சோறாக்கினது அவன்! நான் ஒரு வாய் தண்ணி குடுக்கல்ல!"

"தண்ணி குடுக்கல்ல" என்றாள் ஹாஜறா. "மருந்து?"

அறைக்குள் போனாள். தலைமாட்டில் இருந்த போத்தலை எடுத்து வந்தாள். கால்வாசி மிச்சம்.

"நதீரா, இது எங்கால?"

"காக்கா குடுக்கிற சத்து மருந்து ராத்தா. கிழமைக்கு ஒரு போத்தல். கதவடியில வைக்கச் சொல்லித் தருவார்."

ஹாஜறா மூடியைத் திருகினாள். முகர்ந்தாள். சீனிப் பாகு வாசம்.

"எனக்கு மகரகமையில ஒரு போத்தலும் தரல்ல. இவக்கு மட்டும் சத்து." போத்தலை நீட்டினாள். "காலையில இருந்து நீங்களும் பட்டினி காக்கா. ஒரு மிடறு குடிங்க."

அபூசாலி போத்தலைப் பார்த்தார்.

கூட்டத்தைப் பார்த்தார்.

படலையைப் பார்த்தார். பாய்ந்தார்.

ஜெமீலாவின் சந்தூக்கு குறுக்கே இருந்தது. அதைத் தாண்ட இரண்டு பக்கமும் இடமிருந்தது. ஆனால் கையில் துணி சுற்றிய நாலு பேரும் அங்கேதான் நின்றார்கள். முதல் தடவையாக, அன்றைக்கு அவர்கள் ஒருவரைத் தொடப் பயப்படவில்லை.

பாக்கியராசா போத்தலை வாங்கி, தொப்பிக்குள் பத்திரமாக வைத்தார்.

"மரைக்கார், டொக்டர் வந்து பாக்கட்டும். நாளைக்கு நல்லபடியா அடக்குவம்."

மையித்தை மறுபடி அறைக்குள் வைத்தார்கள். இம்முறை தூக்க எட்டுப் பேர் வந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களில் இரண்டு பேர் மெல்ல இந்தப் பக்கம் வந்தார்கள். ஒருத்தி ஹாஜறாவின் கையைப் பிடித்தாள். பிடித்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மர்சூக் வாசலில் நின்றார். ஆறு கிழமைப் பழக்கம். கால் படியிலேயே நின்றுவிட்டது.

"உள்ளுக்குப் போங்க போடியார்" என்றாள் ஹாஜறா. "ஒண்டும் ஒட்டாது. எப்பயும் ஒட்டல்ல."

அவர் போனார். ஜெமீலாவின் நெற்றியில் கை வைத்தார். அப்போதுதான் அவர் அழுத சத்தம் வெளியே கேட்டது.

படலையடியில் கான்ஸ்டபிள் விலங்கை மாட்டிக்கொண்டிருந்தான். அபூசாலி கையை உதறினார்.

"இறுக்காதீங்க! இறுக்காதீங்க... தோல் கறுத்துப் போகும்!"

பாக்கியராசா குனிந்து பூட்டை ஒருமுறை சரி பார்த்தார்.

"பயப்படாதீங்க டொக்டர்" என்றார். "பட்ட இடத்தில மட்டும்தான் கறுக்கும்!"